மலையைத் தைத்தவர்கள்: ஆல்ப்ஸ் காட்டாறுகளும் ஒரு மரம் நடும் சட்டமும்

மலையில் நிலச்சரிவு, கீழே வெள்ளம் என்று செய்தி வரும்போதெல்லாம் நம் ஊர் விவாதம் இரண்டே நாளில் ஒரே இடத்துக்கு வந்து நின்றுவிடும்: "மரத்தை வெட்டினோம், அனுபவிக்கிறோம். இனிமேலாவது மரம் நடணும்." நானும் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். 2024 ஜூலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் அழிந்தபோதும் அதையேதான் ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் சண்டை எதுவும் போடவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: "மரம் நட்டு ஒரு மலை ஆத்தை அடக்கின ஊர் எங்கயாவது இருக்கா? பேரைச் சொல்லு."

பதில் தெரியவில்லை. தேடப் போனேன். அந்தத் தேடலின் குறிப்புகள்தான் இது.

ஊர் இருக்கிறது. பிரான்சின் தென்கிழக்கில், தெற்கு ஆல்ப்ஸில். த்யூரான்ஸ் ஆறும் அதில் வந்து சேரும் உபாய் ஆறும் ஓடும் பள்ளத்தாக்குகள். மரம் நட்டு மலையைக் குணப்படுத்துவது என்பதை ஓர் அரசாங்கம் சட்டம் போட்டு, பணம் ஒதுக்கி, தலைமுறை தலைமுறையாகச் செய்த இடம் அது. ஆனால் கதை நான் எதிர்பார்த்த மாதிரி முடியவில்லை.

1841: ஒரு பொறியாளரின் புத்தகம்

ஆம்ப்ரன் என்ற சின்ன மலையூரில் சாலை, பாலம் துறைப் பொறியாளராக இருந்தவர் அலெக்சாந்தர் சுரேல். அவருக்குப் பெரிய தலைவலியாக இருந்தவை காட்டாறுகள். வருஷத்தில் பெரும்பாலான நாள் அவற்றில் தண்ணீரே இருக்காது. கோடையில் ஒரு இடிமழை பெய்தால், அரைமணி நேரத்தில் சேறும் பாறையுமாக ஒரு கருப்புக் குழம்பு இறங்கி வரும். வயல், சாலை, பாலம், வீடு என்று எது எதிரே வந்தாலும் மூடிவிட்டுப் போகும்.

1841-ல் சுரேல் இந்தக் காட்டாறுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் அவர் ஒரு காட்டாற்றை மூன்று உறுப்புகளாகப் பிரிக்கிறார். மேலே மழையை வாங்கும் புனல் மாதிரியான பகுதி. நடுவில் அதைக் கடத்தும் குறுகிய கால்வாய். கீழே, பள்ளத்தாக்கில், கொண்டுவந்த கல்லையும் மண்ணையும் கொட்டிப் பரப்பும் விசிறி. மக்கள் குடியிருப்பது பெரும்பாலும் அந்த விசிறியின் மேல்தான், ஏனென்றால் அங்கேதான் மண் இருக்கிறது, சரிவும் மென்மையாக இருக்கிறது. இன்றைக்கும் மலைக் காட்டாறு பற்றிய பாடம் இந்த மூன்று உறுப்புகளில்தான் தொடங்குகிறது.

அவருடைய இன்னொரு கவனிப்புதான் வரலாற்றை மாற்றியது. சில விசிறிகளின் மேல் பழைய பாறைக் குவியல் இருக்கும். ஆனால் அந்தக் காட்டாறு இப்போது சாதுவாக இருக்கும். "அணைந்துபோன" காட்டாறுகள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார். மேலே ஏறிப் பார்த்தால் நீர்பிடிப்புப் பகுதியில் காடு. காட்டை அழித்த இடங்களில் அணைந்த காட்டாறு மறுபடி உயிர் பெற்றிருந்தது. இரண்டையும் சேர்த்து அவர் வந்த முடிவு: காடு இருந்தால் காட்டாறு பிறக்காது, காடு போனால் பிறக்கும், காட்டைத் திருப்பிக் கொண்டுவந்தால் அணையும்.

நல்ல தர்க்கம். ஆனால் அடுத்த கேள்வி உடனே எழும்: காட்டை அழித்தது யார்? சுரேலும் அவருக்குப் பின் வந்தவர்களும் காட்டிய விரல் விவசாயியையும், அதைவிட அதிகமாக ஆடு மேய்ப்பவரையும் நோக்கித்தான் நீண்டது.

வெள்ளம் வந்தது, சட்டம் வந்தது

புத்தகம் வந்து பதினைந்து வருஷம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1856 மே-ஜூனில் ரோன், லுவார் ஆறுகளில் பயங்கர வெள்ளம். லியோன், அவின்யோன், தாராஸ்கோன், ஆர்ல் எல்லாம் தண்ணீரில். மூன்றாம் நெப்போலியன் நேரிலேயே வந்து பார்த்தார். தாராஸ்கோனில் அவர் வெள்ளம் பாதித்த மக்களைப் பார்க்கும் காட்சியை பூகரோ ஓவியமாகவே வரைந்திருக்கிறார். அரசர் வந்தார், பார்த்தார், படம் வரைந்தார்கள். இதுவரை நமக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இந்த முறை அதோடு நிற்கவில்லை. 1860 ஜூலையில் மலைகளில் மறுபடி காடு வளர்ப்பதற்கான சட்டம் வந்தது.

இந்தச் சட்டத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மலையில் இருந்த நிலத்தில் பெரும்பகுதி தனியாருடையது இல்லை. ஊர்ப் பொது நிலம். நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கு மாதிரி, ஊர் முழுக்க அதில் ஆடு மாடு மேய்க்கும். கோடையில் வெளியூர் மந்தைகளும் வரும். ஆர்ல் பக்கத்துக் க்ரோ சமவெளியிலிருந்து ஆயிரக்கணக்கான செம்மறிகள் மலையேறி வருவது அங்கே நூற்றாண்டுகால வழக்கம். நம் கீதாரிகள் ராமநாதபுரத்திலிருந்து கிடை போட்டுக்கொண்டே ஊர் ஊராகப் போவதை நினைத்துக்கொள்ளலாம். இந்த மந்தைகள் தரும் மேய்ச்சல் கூலிதான் பல மலைக் கிராமங்களுக்கு ரொக்க வருமானம்.

1860 சட்டப்படி, மரம் நட வேண்டும் என்று குறித்த நிலத்தில் ஊரே நடவில்லையென்றால் அரசு நடும். பிறகு ஊர் தன் நிலத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால் நட்ட செலவைக் கட்ட வேண்டும். அல்லது நிலத்தில் பாதியை அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். காசில்லாத ஊருக்கு இதில் என்ன தேர்வு இருக்கிறது? கீழே ஆர்லிலும் லியோனிலும் வெள்ளம் வராமல் இருக்க, மேலே இருப்பவன் தன் மேய்ச்சல் நிலத்தைக் கொடுக்கணும். சட்டத்தின் சாரம் அதுதான்.

மலை மக்கள் கொதித்தார்கள். எதிர்ப்பு பலமாக இருந்ததால் 1864-ல் அரசு ஒரு படி இறங்கி, மரத்துக்குப் பதில் புல்லும் வளர்க்கலாம் என்று இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. 1882 ஏப்ரலில் வந்த மூன்றாவது சட்டம் வரலாற்றில் நின்றது. அதன் பெயரிலேயே "காடு வளர்ப்பு" என்ற சொல் போய், மலை நிலங்களின் "மீட்பு" என்ற சொல் வந்துவிட்டது. எல்லா மலையும் இல்லை, இப்போதே ஆபத்து இருக்கும் இடம் மட்டும். அதையும் அரசு விலை கொடுத்து வாங்கித்தான் வேலை செய்யணும். மக்கள் எதிர்த்ததால் சட்டம் நியாயமானது மட்டுமில்லை, கூர்மையாகவும் ஆனது என்பது என் வாசிப்பு. மலை முழுக்க மரம் நடுவோம் என்ற கனவு, எந்த ஓடை எந்த ஊரை அழிக்கும் என்ற கேள்வியாகச் சுருங்கியது.

தெமோன்ட்ஸேயின் பாடம்

களத்தில் இதைச் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் ப்ரோஸ்பேர் தெமோன்ட்ஸே என்ற வன அதிகாரி. முதலில் அல்ஜீரியாவில் வேலை பார்த்தவர். பிறகு தெற்கு ஆல்ப்ஸுக்கு வந்தார். உபாய் பள்ளத்தாக்கில், பார்சலோனெத் ஊருக்குப் பக்கத்தில் ரியூ பூர்து என்று ஒரு காட்டாறு. ஆல்ப்ஸின் மோசமான காட்டாறுகளில் ஒன்று என்று பெயரெடுத்தது. அவர் காலத்தின் முன்மாதிரி வேலைகளில் ஒன்று அங்கேதான் நடந்தது.

அந்த மலையின் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. கருமண் என்றே அங்கே அழைக்கிறார்கள். உண்மையில் மண் இல்லை, சுண்ணாம்பு கலந்த கருப்புக் களிப்பாறை. குளிர்காலத்தில் உறைந்து உறைந்து இளகி, பொடிச் சில்லுகளாக உதிரும். கோடை இடிமழை அந்தச் சில்லையெல்லாம் வழித்துக்கொண்டு இறங்கும். அடுத்த குளிரில் மறுபடி உதிரும். இதில் கன்றை நட்டால் வேர் பிடிக்கும் முன்பே கன்றும் சேர்ந்து கீழே போய்விடும்.

அதனால் அவர்கள் மரத்தில் தொடங்கவில்லை. முதலில் ஓடையின் தரையைப் பிடித்தார்கள். ஓடைக்குக் குறுக்கே கல்லால் தடுப்பணை, படிக்கட்டு மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்று. இதன் நோக்கம் தண்ணீரைத் தேக்குவது இல்லை. அணைக்குப் பின்னால் கல்லும் மண்ணும் சேர்ந்து நிரம்பணும். அப்போது ஓடையின் தரை உயரும், சரிவு குறையும், தண்ணீர் தரையைத் தோண்டுவது நிற்கும். தரை தோண்டப்படாவிட்டால் இரண்டு பக்கச் சரிவுகளுக்கும் கால் ஊன்ற இடம் கிடைக்கும், சரிவது நிற்கும். அதற்குப் பிறகு சின்னச் சின்னப் பள்ளங்களில் வில்லோ விளார்களைப் பின்னி வேலி. அந்த விளார் உயிருள்ளது. துளிர்க்கும், வேர் விடும். பிறகு புல், புதர். கடைசியாகத்தான் மரம். பெரும்பாலும் ஆஸ்திரியக் கரும்பைன், ஏனென்றால் அந்தக் கெட்ட மண்ணில் சகித்து வளர்ந்தது அதுதான்.

கிழிந்த துணியை ஓரத்திலிருந்து தைத்துக்கொண்டு வருகிற மாதிரியான வேலை. நான் இதுவரை "தடுப்பணையா, மரமா" என்று இரண்டில் ஒன்றாகவே யோசித்திருந்தேன். அவர்களுக்கு அணை என்பது மரம் வேர் பிடிக்கும் வரை கிடைக்கும் அவகாசம். அவ்வளவுதான்.

சரி, பலித்ததா?

நண்பர் கேட்ட கேள்விக்கு நேரான பதில் த்ரே என்ற கிராமத்துப் பக்கம் இருக்கிறது. 1983-லிருந்து அங்கே சின்னச் சின்ன நீர்பிடிப்புப் பகுதிகளில் மழை, நீர், மண் எல்லாவற்றையும் தொடர்ந்து அளக்கிறார்கள். அவற்றில் இரண்டு முக்கியம். லவால்: 0.86 சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி மொட்டைக் கருமண். புருஸ்கே: 1.08 சதுர கிலோமீட்டர், ஒரு காலத்தில் அதே மாதிரி மொட்டையாக இருந்து, மலை மீட்பு வேலையில் காடாக மாறியது. ஒரே மாதிரிப் பாறை, கிட்டத்தட்ட ஒரே அளவு, அருகருகே.

காடு உள்ள புருஸ்கேயிலிருந்து வெளியேறும் மண், அதே பரப்புக்குக் கணக்குப் போட்டால், லவாலைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவு. வெள்ளத்தின் உச்சமும் பல மடங்கு குறைவு. ஆக, பலித்தது. சுரேல் சொன்னது சரி.

இங்கேயே நிறுத்தியிருந்தால் நண்பரிடம் ஜெயித்திருப்பேன். ஆனால் மூன்று விஷயங்கள் குறுக்கே வந்தன.

ஒன்று, 1957 ஜூன். உபாய் பள்ளத்தாக்கிலும் பக்கத்துக் கில் பள்ளத்தாக்கிலும் பெருமழை. பனி உருகும் பருவமும் சேர்ந்துகொள்ள, ஆறு பள்ளத்தாக்கையே வாரிக்கொண்டு போனது. மீட்பு வேலை தொடங்கி எண்பது, தொண்ணூறு வருஷம் ஆகியிருந்தது. சின்ன ஓடையில் சாதாரண இடிமழையை காடு அடக்கும். நாள் கணக்கில் பெய்து மலை முழுக்க ஊறிவிட்டால், பெரிய ஆற்றில் காட்டின் கை அவ்வளவு நீளாது. இரண்டு கிலோமீட்டரில் உண்மையாக இருப்பது இருநூறு கிலோமீட்டரில் அதே அளவு உண்மையாக இருக்காது.

இரண்டு, மக்கள். அந்த மலைகளில் மக்கள்தொகை உச்சத்தில் இருந்தது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில். அதற்குப் பிறகு இறங்குமுகம்தான். பார்சலோனெத்காரர்கள் மெக்சிகோவுக்குப் போய்த் துணிக்கடை வைத்துப் பணக்காரர்கள் ஆனார்கள். மெக்சிகோ நகரத்தின் பலாசியோ தே இயர்ரோ என்ற பெரிய கடை அவர்கள் தொடங்கியது. திரும்பி வந்தவர்கள் கட்டிய மெக்சிகோ பங்களாக்கள் இன்றும் அந்த ஊரில் நிற்கின்றன. ஆள் போனால் ஆடும் குறையும், உழவும் குறையும். அரசு ஒரு கன்றும் நடாத சரிவுகளில்கூடக் காடு தானாக வந்தது. அதோடு, காட்டாறுகள் வெறிபிடித்து ஓடிய அந்த நூற்றாண்டுகள் ஐரோப்பாவின் சிறு பனிக்காலம் என்று சொல்லப்படும் காலம். உறைவும் உருகலும் அதிகம். காட்டாறு அடங்கியதில் வன அதிகாரிக்கு எவ்வளவு பங்கு, ஊரைவிட்டுப் போனவருக்கு எவ்வளவு, வானிலைக்கு எவ்வளவு என்று பிரிப்பது லேசான காரியம் இல்லை. எல்லாப் பழியையும் மேய்ப்பர் தலையில் போட்டது சரியில்லை என்பது மட்டும் தெளிவு. அந்தக் காலத்திலேயே ஃபெலிக்ஸ் ப்ரியோ என்ற வன அதிகாரி, மேய்ப்பரை விரட்டாமல் மேய்ச்சலைச் சீர்படுத்த வேண்டும் என்று வாதாடினார். வனத்துறைக்குள்ளேயே எழுந்த குரல் அது.

மூன்றாவதுதான் நான் கொஞ்சமும் எதிர்பார்க்காதது. ஆறுகளுக்குக் கல் பசி வந்துவிட்டது.

மலையாறு தண்ணீரை மட்டும் கொண்டுபோவதில்லை, சரளையையும் கொண்டுபோகிறது. மேலிருந்து வரும் சரளையும் கீழே போகும் சரளையும் சமமாக இருக்கும் வரை ஆற்றின் தரை ஒரே மட்டத்தில் இருக்கும். மேலே மலையைத் தைத்தாகிவிட்டது. சரளை வரத்து குறைந்தது. கீழே, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, சாலைக்கும் கான்கிரீட்டுக்கும் ஆற்றுப் படுகையிலேயே சரளை அள்ளினார்கள். நடுவில் அணைகள் வந்தன. த்யூரான்ஸில் செர்-போன்சோன் அணை 1950-களின் கடைசியில் எழுந்தது. உபாய் ஆறு வந்து விழுவது அந்த நீர்த்தேக்கத்தில்தான். 1843, 1856 வெள்ளங்களுக்குப் பிறகு எழுந்த யோசனை, நூறு வருஷம் கழித்து சவின், உபாய் என்ற இரண்டு கிராமங்களை மூழ்கடித்து நிறைவேறியது.

சரளை கிடைக்காத ஆறு தன் தரையையே தின்னும். பல கிளைகளாகப் பின்னிப் பின்னி அகலமாக ஓடிய ஆறுகள் ஒற்றைக் குறுகிய வாய்க்காலாக ஒடுங்கின. தரை இறங்கியது. பாலத்தின் கால்கள் வெளியே தெரிந்தன. நிலத்தடி நீர் இறங்கியது. பழைய சரளைத் திட்டுகளில் வாழ்ந்த பறவையும் செடியும் இடமிழந்தன.

த்ராக் ஆற்றின் மேற்பகுதியில் சேன்-போனே என்ற ஊர்ப் பக்கம் இது உச்சத்துக்குப் போனது. சரளை எல்லாம் போய், அடியில் இருந்த களிமண் வெளியே வந்துவிட்டது. களிமண்ணை அறுக்க ஆற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? 2013-14-ல் அங்கே ஆற்றை மறுபடி அகலப்படுத்தி, லட்சக்கணக்கான கன மீட்டர் சரளையைக் கொண்டுபோய்ப் படுகையில் கொட்டினார்கள். நான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று இரண்டு முறை பார்த்தேன். கொள்ளுத்தாத்தா காலத்தில் எதைத் தடுக்க உயிரைக் கொடுத்தார்களோ, அதையே லாரி வைத்துக் கொட்டுகிறார்கள்.

அதற்காகத் தெமோன்ட்ஸே தப்பு என்று சொல்ல மாட்டேன். அவர் காப்பாற்றிய விசிறியில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். அன்று தொடங்கிய மலை மீட்புப் பிரிவு இன்றும் பிரெஞ்சு வனத்துறைக்குள் வேலை செய்கிறது, ஆயிரக்கணக்கான தடுப்பணைகளைப் பார்த்துக்கொள்கிறது. நட்ட பைன்கள் ஒரே வயதில் கிழடாகின்றன; அவற்றுக்கு அடுத்த தலைமுறையைக் கொண்டுவருவது தனிக் கவலை. நட்டுவிட்டுப் போகிற வேலை இல்லை இது. நூற்றைம்பது வருஷமாக ஆள் போட்டுக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

நம் மலைக்கு வந்த பாடம்

இந்தக் கதைக்கு இந்தியத் தொடர்பும் உண்டு. 1867 முதல் 1880-களின் நடுப்பகுதி வரை, இந்திய வனத்துறைக்கு வரவிருந்த பிரிட்டிஷ் இளைஞர்கள் பலர் படித்தது பிரான்சின் நான்சி நகர வனக் கல்லூரியில். ஆல்ப்ஸ் மீட்பு வேலை சூடாக நடந்துகொண்டிருந்த அதே வருஷங்கள். பிரான்சின் 1882 சட்டம் வந்த அதே ஆண்டில்தான் மதராஸ் வனச் சட்டமும் வந்தது. 1900-ல் பஞ்சாபின் ஹோஷியார்பூர் பக்கம், சிவாலிக் குன்றுகளின் "சோ" என்ற காட்டாறுகளை அடக்க ஒரு சட்டம் போட்டார்கள். அங்கேயும் குற்றவாளி ஆடும் மேய்ப்பரும்தான்.

நீலகிரியின் கதை வேறு மாதிரி. ஆல்ப்ஸில் மொட்டையாக இருந்த சரிவு நிஜமாகவே புண்பட்ட சரிவு. நீலகிரியில் மரமில்லாமல் இருந்தது புல்வெளி. சோலையும் புல்லும் சேர்ந்த ஓர் அமைப்பின் பாதி. தோடர்களின் எருமை மேய்ந்த இடம். மரமில்லாத மலை வீண் மலை என்று பார்க்கப் பழகிய கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. சீகையும் யூகலிப்டஸும் பைனும் நட்டார்கள். தோல் பதனிடவும் விஸ்கோஸ் நூலுக்கும் அவை தேவைப்பட்டதும் சேர்ந்துகொண்டது. இன்று அதே சீகையைப் பிடுங்கிவிட்டுப் புல்லைக் கொண்டுவரப் பாடுபடுகிறோம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தபோது சரிந்த சரிவுகளில் மரம் நின்ற சரிவுகளும் உண்டு.

நண்பருக்குப் பதில் சொல்லிவிட்டேன். ஊர் பெயர் பார்சலோனெத், ஓடையின் பெயர் ரியூ பூர்து, ஆமாம், அடக்கினார்கள். ஆனால் "மரம் நடணும்" என்று இனி நான் அவ்வளவு லேசாகச் சொல்ல மாட்டேன். முதலில் கேட்க வேண்டியவை வேறு: இந்தச் சரிவில் முன்பு என்ன இருந்தது? ஓடையின் தரை இறங்குகிறதா, ஏறுகிறதா? இங்கே பிடித்து வைக்கும் கல்லும் மண்ணும் கீழே யாருக்குத் தேவை? இதற்காக யாருடைய மேய்ச்சல் போகிறது, அவருக்கு என்ன கொடுக்கப் போகிறோம்?

அவர் கேட்டுவிட்டு, "இவ்வளவையும் போஸ்டர்ல எழுத முடியாதே" என்றார். முடியாதுதான்.

இதே காலத்தில் ஜப்பானியர்கள் தங்கள் மலையாறுகளோடு போட்ட சண்டைக்கு "சபோ" என்று பெயர். அது ஒரு தனிக் கதை; குறிப்புகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. அடுத்து அதை எழுதுகிறேன்.